பாதியில் திரும்பிய வரிகள்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அப்பா காலமானார். வயது 79. பதினாறு வருடம் விமானப்படை, அதன் பிறகு அறுபது வயது வரை பயணிகள் விமானம். ஒரு போரில் பறந்திருக்கிறார். அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்னும் ஒன்பது நாளில் நினைவுக் கூட்டம். பதக்கங்களையும் போரையும் பற்றித் தம்பி பேசுகிறான். நானும் பேச வேண்டும் என்கிறார் அம்மா. எனக்கு எதைப் பேசுவது என்றே தெரியவில்லை. என் சின்ன வயதில் பாதி நாள் அப்பா வீட்டில் இருந்ததில்லை. நினைவில் இருப்பதெல்லாம் சில்லறை விஷயங்கள். காரை எடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அதை ஒரு சுற்று சுற்றி வந்து நான்கு டயரையும் தொட்டுப் பார்ப்பார், நாங்கள் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்போம். இதையா மேடையில் சொல்வது?

அலமாரியில் அவர் பறந்த கணக்கை எழுதிவைத்த ஐந்து லாக் புக்குகள் கிடைத்தன. கடைசிப் பக்கத்தில் மொத்தம் 17,400 மணி நேரம். நான் பிறந்த தேதியைத் தேடிப் பார்த்தேன். அன்று இரவு அவர் விமானம் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். சிவப்பு மையில் ஒரே ஒரு வரி. அடுத்த வரி ஐந்து நாள் கழித்து. துக்கமா கோபமா என்று தெரியாமல் அழுதேன். விமானப்படைக் காலத்துப் புத்தகத்தில் மூன்று இடங்களில் ‘டி.என்.சி.ஓ.’ என்று எழுதியிருக்கிறார். போன வேலை முடியாமல் திரும்பியதற்கு அப்படி எழுதுவார்களாம். அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம் என்கிறான் தம்பி.

கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகக் கையில் வைத்திருந்தேன். அப்பாவுக்கு என் அஞ்சலி.

முதலில் அந்த மணிக்கணக்கு. 17,400 மணி நேரம் என்றால் 725 நாட்கள். ஏறக்குறைய முழுதாக இரண்டு வருடங்கள் அவருடைய கால் தரையில் படவில்லை. பெரும்பாலான நாடுகளில் ஒரு பைலட் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்க அனுமதி கிடையாது, அதனால் இது ஒரு ஆயுள்கால உழைப்பின் கணக்கு. ஊர் ஊராக ஓட்டல் அறைகளில் பகலில் திரையை இழுத்துவிட்டுத் தூங்கியதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்கார்ந்து பரீட்சை எழுதியதும் இதில் சேராது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தப் பரீட்சையும் மருத்துவச் சோதனையும் உண்டு. தேறாவிட்டால் பறக்க முடியாது. நீங்கள் பள்ளிப் பரீட்சைக்குப் படித்த வருடங்களில் அவரும் படித்துக்கொண்டிருந்தார்.

இப்போது தம்பி மறைக்கச் சொல்லும் வரிகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது அவைதான்.

டி.என்.சி.ஓ. என்றால் ‘டியூட்டி நாட் கேரீட் அவுட்’, ஏற்ற பணி நிறைவேறவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் வழக்கம் அது. இரவுப் பறப்பைச் சிவப்பு மையில் எழுதுவதும் அங்கிருந்து வந்ததுதான். இலக்கின் மேல் மேகம் மூடியிருக்கலாம், எஞ்சின் தகராறு செய்திருக்கலாம், எரிபொருள் போதாமல் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் திரும்பி வந்தவர் அதைத் தன் கையால் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மேலதிகாரி அந்தக் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். இருபத்தைந்து வயசுப் பையன், கூடப் போனவர்கள் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைகிறான், பேனாவை எடுத்து ‘நான் திரும்பிவிட்டேன்’ என்று எழுதுகிறான். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பதக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, தம்பி அதைப் பற்றிப் பேசட்டும். ஆனால் பின்னால் வந்த இருபது சொச்சம் வருடங்கள், ஆயிரக்கணக்கான பயணிகளைப் பத்திரமாக இறக்கிவிட்ட அந்த மனிதர், இந்த மூன்று வரிகளில்தான் உருவானார் என்று நான் நம்புகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். போர் விமானத்தில் எல்லாம் கைவிட்டுப் போனால் இருக்கையோடு வெளியே பாய்ந்துவிட ஒரு கைப்பிடி உண்டு. பயணிகள் விமானத்தில் பின்னால் இருக்கும் இருநூறு பேருக்கும் அப்படி ஒன்று கிடையாது, ஆகவே முன்னால் இருப்பவருக்கும் கிடையாது. இறங்க வந்த ஓடுபாதை சரியாகத் தெரியவில்லையென்றால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். பயணிகள் முணுமுணுப்பார்கள். திரும்ப மனமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில், அனுமதி கிடைக்கும் முன்பே ஒரு ஜம்போ விமானம் ஓடத் தொடங்கியது. எதிரே அதே ஓடுபாதையில் இன்னொரு ஜம்போ. அது விலகிவிட்டதா என்று ஓடத் தொடங்கிய விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார் கேப்டன். 583 பேர் இறந்தார்கள். விமான உலகம் அதற்குப் பிறகுதான் கேப்டன்களுக்கு வேறொரு பாடத்தை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது: பக்கத்தில் இருப்பவன் சொல்வதைக் கேள். ஒற்றை இருக்கையில் தனியாகப் பறந்து பழகிய உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்கு அது எளிய பாடமாக இருந்திருக்காது.

அப்பாவைப் போலவே ராணுவத்திலிருந்து பயணிகள் விமானத்துக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆல் ஹெய்ன்ஸ், அமெரிக்க மரீன் படையில் விமானியாக இருந்து 1956-ல் யுனைடெட் விமான நிறுவனத்தில் சேர்ந்தவர். 1989 ஜூலை 19 அன்று அவர் ஓட்டிய டிசி-10 விமானத்தில் வால்பக்க எஞ்சின் வெடித்தது. சிதறிய துண்டுகள் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டன. விமானத்தைத் திருப்பும் எந்தக் கருவியும் வேலை செய்யவில்லை. மீதியிருந்த இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் 44 நிமிடம் அதை வானில் வைத்திருந்தார்கள். பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னி ஃபிட்ச் உதவட்டுமா என்று கேட்க, ஹெய்ன்ஸ் அவரை உள்ளே அழைத்து எஞ்சின் நெம்புகோல்களை அவர் கையில் கொடுத்தார். அந்த ஒரு செயலுக்காகவே நான் அவரை வணங்குவேன். இறங்க வேண்டிய சூ சிட்டி விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை எந்த ஓடுபாதையிலும் இறங்கலாம் என்றபோது, ‘ஓடுபாதையாகவே இருக்க வேண்டும் என்கிறீர்களா?’ என்று சிரித்திருக்கிறார். விமானம் தரையில் மோதி உடைந்து எரிந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

இறந்த 112 பேரை ஹெய்ன்ஸ் கடைசிவரை சுமந்தார். 1991-ல் அறுபது வயதில் ஓய்வு பெற்று, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். விமானி அறையில் இருந்த நால்வருக்கும் சேர்த்து 103 வருடப் பறப்பு அனுபவம், அதில் ஒரு நிமிடம்கூட இப்படி ஒரு நிலைமைக்குப் பயிற்சி எடுத்ததில்லை என்பார். எல்லாரும் சேர்ந்து யோசித்ததால்தான் இந்த அளவுக்காவது முடிந்தது என்பார். மற்ற நேரத்தில் சிறுவர்களின் பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவராக நின்றார். 2019 ஆகஸ்டில் இறந்தார், 88 வயது முடிய ஆறு நாள் இருந்தது.

ஹெய்ன்ஸின் 44 நிமிடங்களை உலகம் அறியும். உங்கள் அப்பாவின் 17,400 மணி நேரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை, அதனால் சொல்ல ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நடக்காமல் பார்த்துக்கொண்டவரே அவர்தான். அதற்கு அத்தாட்சியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்: அந்தக் கார்.

விமானம் கிளம்பும் முன் விமானி அதைச் சுற்றி நடந்து வருவார், வாக்-அரௌண்ட் என்பார்கள். டயரில் வெட்டு இருக்கிறதா, எங்காவது எண்ணெய் கசிகிறதா, வேகத்தையும் உயரத்தையும் அளக்கும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். 1996 அக்டோபரில் பெரு நாட்டின் ஏரோபெரு நிறுவன விமானம் ஒன்று கடலில் விழுந்து 70 பேர் இறந்தார்கள். விமானத்தைக் கழுவியவர்கள் அந்தத் துளைகளின் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்திருந்தார்கள். இரவில் சுற்றி வந்தவர் கண்ணிலும் அது படவில்லை. ஒரு துண்டு டேப், அவ்வளவுதான். உங்கள் அப்பா இதையெல்லாம் அறிந்தவர். நீங்கள் உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தபோது, தன் பிள்ளைகள் இருக்கும் வண்டியை அவர் சுற்றி வந்து தொட்டுப் பார்த்திருக்கிறார். இதைத்தான் மேடையில் சொல்ல வேண்டும். நான்காவது டயர் வரைக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் பிறந்த இரவு. உங்கள் கோபம் நியாயமானது, அதைத் துடைத்துப்போட நான் யார்? ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். லாக் புக்கில் பொதுவாக விமானிகள் தாங்கள் ஓட்டிய விமானங்களைத்தான் எழுதுவார்கள். பயணிகள் விமானத்தில் பயணியாக ஏறி வீடு திரும்புவதைப் பெரும்பாலும் அதில் எழுதுவதில்லை. சிவப்பு வரிக்குப் பிறகு ஐந்து நாள் எதுவும் எழுதப்படவில்லை என்கிறீர்கள். அந்த ஐந்து நாட்களில் அவர் எங்கே இருந்தார் என்று புத்தகத்தில் தேடாதீர்கள். கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. இன்றைக்கே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.