பிரஷர் 150/96, ஆனால் வருத்தம் ஒண்டும் இல்லை – செக் பண்ண வேணுமோ?

நெடுங்கேணி அண்ணை, வயது 46, பார்மசியில பிரஷர் 150/96, அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். வயலால சைக்கிள் மிதிச்சு வந்த கையோட எடுத்த அளவு கூடத்தான் காட்டும், அதுக்காக விட்டிடாதேங்கோ. தேத்தண்ணி, சுருட்டு அரை மணித்தியாலத்துக்கு வேண்டாம். முதுகைச் சாய்ச்சு 5 நிமிசம் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில வைச்சு 2 தரம் எடுப்பியுங்கோ.

இரத்தத்தில சீனியும் பாக்கிறதெண்டால் 8 மணித்தியாலம் வெறும் வயிறு; தண்ணி குடிக்கலாம்.

முக்கியமானது சிறுநீரகம். சலத்தில அல்புமின் (ஒரு புரதம்) இல்லையெண்டதும் திரும்பி வந்திடாதேங்கோ. வவுனியாப் பக்கக் கமக்காரருக்கு வாற காரணம் தெரியாத சிறுநீரக நோயில தொடக்கத்தில அது பிடிபடாமலே போகலாம். இரத்தத்தில கிரியற்றினினும் (சிறுநீரகம் வெளியேத்துற கழிவு) பாக்கச் சொல்லுங்கோ. அந்தச் சோதினைக்கு முதல்நாள் கடும் வேலையும் இறைச்சியும் வேண்டாம், அளவு கூடிக் காட்டும். நாரிநோவுக்கு டைக்ளோஃபெனக் எண்ட நோக்குளிசை போடுறனீங்கள் எண்டால் டொக்டரிட்ட ஒளிக்காதேங்கோ.