ஓடினிசம் என்றால் என்ன? இன்று அதை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள்?

கிறிஸ்தவத்துக்கு முன் வட ஐரோப்பாவில் வணங்கப்பட்ட ஓடின், தோர், ஃப்ரேயா போன்ற தெய்வங்களை இன்று மீண்டும் வழிபடுவதுதான் ஓடினிசம். ஐஸ்லாந்தில் இதன் பெயர் ஆசாத்ரு. கி.பி. 1000 வாக்கில் கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடு அது. 1972-இல் ஸ்வெயின்பியோர்ன் பெய்ன்டெய்ன்ஸன் என்ற கவிஞர் (ஆடு வளர்த்த விவசாயியும்கூட) சிலரோடு சேர்ந்து பழைய வழிபாட்டுக்கு ஒரு சங்கம் தொடங்கினார். அடுத்த ஆண்டே அரசு அங்கீகாரம் கிடைத்தது.

முக்கியச் சடங்கு 'ப்ளோட்'. ஒன்றுகூடி, மது நிரப்பிய மாட்டுக்கொம்பைக் கைமாற்றி, தெய்வங்களையும் முன்னோரையும் பெயர் சொல்லி வாழ்த்துவார்கள். கொஞ்சம் மண்ணிலும் ஊற்றுவார்கள். அப்புறம் விருந்து. அந்தக் காலத்தில் விலங்கு பலி உண்டு. ஐஸ்லாந்துச் சங்கத்தில் இப்போது கிடையாது.

ஏன் ஊற்ற வேண்டும்? கொடுத்தால்தான் உறவு நிலைக்கும் என்பது அவர்கள் எண்ணம். பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்த கிண்ணத்தை நாம் வெறுமையாகத் திருப்பித் தருவோமா? அதே கணக்குதான். இங்கே தெய்வம் எஜமானைவிட உறவினருக்கே நெருக்கம். சொன்ன சொல் காப்பது, விருந்தோம்பல், துணிச்சல் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. 'ஒன்பது அறங்கள்' என்று சுற்றும் பட்டியல் மட்டும் பழையதல்ல, 20-ஆம் நூற்றாண்டில் தொகுத்தது.

இது வெள்ளையினவெறிக்கு இன்னொரு பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட குழுக்கள் இருப்பது உண்மை, 'ஓடினிசம்' என்ற சொல்லைப் பலர் தவிர்ப்பதும் அதனால்தான். ஆனால் ஐஸ்லாந்துச் சங்கம் அந்தக் கருத்தை வெளிப்படையாகவே நிராகரிக்கிறது.