இருட்டில் ஃபோகஸ் பிடிக்காத கேமரா: கேள்வி பதில்

பாம்பன், மண்டபம் பக்கம் விடியுமுன்னும் இரவிலும் படம் எடுப்பவர்கள் கேட்டவை. பல கேள்விகள் ஒன்றுபோலவே இருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மண்டபத்திலிருந்து: அண்ணே, செகண்ட் ஹேண்டில் கேமரா பார்க்கிறேன். கேனான் ஆர்6 மைனஸ் 6.5 ஈவி வரை ஃபோகஸ் பிடிக்குமாம். சோனி ஏ7 மார்க் 3 மைனஸ் 3 வரைதானாம். கண்ணை மூடிக்கொண்டு கேனானை வாங்கிவிடலாமா?

கண்ணைத் திறந்தே வாங்குங்கள் தம்பி. ஈவி என்பது வெளிச்சத்தின் அளவு, மைனஸ் கூடக்கூட இருட்டு. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். கேனான் எஃப் 1.2 லென்ஸை மாட்டி அந்தக் கணக்கைச் சொல்கிறது, சோனி எஃப் 2 லென்ஸை மாட்டிச் சொல்கிறது. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் வாய் அகலம், அதனால் 1.2 லென்ஸில் கிட்டத்தட்ட 2.8 மடங்கு வெளிச்சம் அதிகம், அதாவது ஒன்றரை ஈவி. கேனானுக்கும் எஃப் 2 மாட்டினால் அதன் எண் தோராயமாக மைனஸ் 5 ஆகிவிடும். ஒவ்வொரு ஈவி குறையும்போதும் வெளிச்சம் பாதியாகும். அட்டைப்பெட்டிக் கணக்கில் 11 மடங்காகத் தெரிந்த வித்தியாசம், ஒரே அளவு லென்ஸில் 4 மடங்குதான். அதுவும் பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் 1.2 லென்ஸ் விலையைக் கேட்டால் ஒரு வள்ளமே வாங்கிவிடலாம் போலத் தோன்றும்.

இன்னொன்று, இந்த எண்களெல்லாம் அசையாத பொருளுக்கு. அலையில் ஆடும் வள்ளத்துக்கு அல்ல.

கீழக்கரையிலிருந்து: காக்கா, ஏர்வாடி சந்தனக்கூடு விழாவில் என் கேனான் 1500டி கேமரா லென்ஸை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தது. பாடியை மாற்றணுமா?

முதலில் லென்ஸை மாற்றுங்கள். உங்கள் 18-55 ஜூம் லென்ஸ் 55-இல் நிற்கும்போது எஃப் 5.6. சாதாரண 50 எம்எம் 1.8 போட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அந்த கேமராவில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளில் நடுப்புள்ளி மட்டுமே குறுக்கு வகை, நிற்கிற கோட்டையும் படுக்கிற கோட்டையும் அதுதான் பார்க்கும். நடுப்புள்ளியை முகத்தில் வைத்துப் பூட்டுங்கள், அப்புறம் சட்டகத்தைத் திருத்துங்கள். 1.8-இல் கண் தெளிவாக இருந்து காது மங்கும், அதனால் எடுக்கும்போது எஃப் 2.5 வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது போல உள்ளே கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் கேமரா லென்ஸை முழுக்கத் திறந்துதான் ஃபோகஸ் பார்க்கும், அங்கே நஷ்டமில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து: என்னுடையது மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. அரிச்சல்முனையில் விடியுமுன் அடிவானத்தில் ஃபோகஸ் வைத்தால் பிடிக்க மறுக்கிறது. பழுதா சார்?

பழுதில்லை. பெரும்பாலான மிரர்லெஸ் கேமராக்களின் சென்சாரில் ஃபோகஸ் பார்ப்பதற்கென்று இருக்கும் ஃபேஸ் டிடெக்ஷன் புள்ளிகள் நிற்கிற கோடுகளைத்தான் நன்றாகப் பார்க்கும். அடிவானமோ படுத்திருக்கிற ஒற்றைக் கோடு. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து ஃபோகஸ் பண்ணிப் பாருங்கள், சட்டென்று பிடிக்கும். பிடித்ததும் மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டுக் கிடைமட்டமாகத் திருப்பி எடுங்கள். தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்துச் சுவர் எட்டுகிற தூரத்தில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அதில் நிற்கிற கோடு எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு.

பாம்பனிலிருந்து: படகு விளக்கில் ஃபோகஸ் வைத்தால் வெளிச்சம் இருக்கிறதே, அது போதாதா?

நானும் அப்படித்தான் ஏமாந்தேன். தென்கடல் கரையில் ஒரு வள்ளம் வந்து ஒதுங்கியது, ஆட்கள் வலையை உதறி மீனை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்ஈடி விளக்கில் புள்ளியை வைத்தேன், கேமரா பச்சை காட்டியது, நாற்பது படம் எடுத்தேன். பின்திரையில் எல்லாமே அழகு. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் கயிற்றின் முறுக்கு ஒன்றில்கூடத் தெரியவில்லை. சுட்டெரிக்கிற விளக்கு சென்சாருக்கு வெறும் வெள்ளைத் திட்டு. ஃபோகஸ் விலகினால் திட்டு பெரிதாகிறது, அவ்வளவுதான், பிடித்துக்கொள்ள ஓர் ஓரம் கிடைப்பதில்லை. விளக்கு படுகிற பலகை ஓரம், ஆளின் சட்டைக் காலர், வலை மிதவை, இப்படி வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடத்தில் புள்ளியை வையுங்கள். கேமராவின் ஆரஞ்சு உதவி விளக்கை நம்பாதீர்கள். அது சில மீட்டர்தான் எட்டும், வேலை செய்கிறவர்கள் கண்ணிலும் அடிக்கும்.

தேவிபட்டினத்திலிருந்து: ஏசி அறையிலிருந்து எடுத்துப்போனால் முதல் பத்து நிமிடம் எதுவுமே பிடிப்பதில்லை.

லென்ஸில் வேர்வை பூத்திருக்கும். கிளம்ப அரைமணி நேரம் முன்பே பையை மூடியபடி வெளியே வைத்துவிடுங்கள்.

தொண்டியிலிருந்து: கடைக்காரரை நம்பாமல் இரண்டு கேமராவை நாமே ஒப்பிட வழி உண்டா?

உண்டு. இரண்டிலும் ஒரே எஃப் எண், ஒரே குவியத் தூரம். இருட்டறையில், தூரத்தில் ஒரு செல்போன் வெளிச்சம், சுவரில் தினத்தாள். முதலில் எதிரே ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் வைத்து ஃபோகஸை விலக்குங்கள், அப்புறம் தாளில் வைத்து ஒரு படம். இப்படி இருபது தடவை. எத்தனை படத்தில் பொடி எழுத்து வாசிக்க முடிகிறது என்று எண்ணுங்கள். வேகமாகப் பிடிக்கிற கேமரா சில நேரம் தவறாகப் பிடிக்கும், பீப் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பிறகு செல்போனை இன்னும் தள்ளிவைத்து மறுபடியும் இருபது. கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.