முதலில் அந்தக் கைக்கடிகாரத்தைப் பற்றிக் கேளுங்கள்

கேள்வி: என் மகளுக்கு வயது 20, கல்லூரி விடுதியில் இருக்கிறாள். மனச்சோர்வுக்கு மாத்திரையும் கவுன்சலிங்கும் எடுத்துவந்தாள். இரண்டு மாதமாக, 'ஏஐயே போதும்மா' என்கிறாள். அதைக் கேட்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். ராத்திரியெல்லாம் அதனுடன்தான் பேச்சு. கண் எரிச்சல், தலைவலி, முடி உதிர்வு வேறு. செல்போன் கதிர்வீச்சா? கவுன்சலரின் வேலையை ஏஐ செய்துவிடுமா? போன வாரம் வந்தவள், ஆசையாக வாங்கிய கைக்கடிகாரத்தைத் தங்கையிடம் கொடுத்து, 'இனி எனக்கு எதுக்கு' என்றாள்.
– ஒரு தாய், ஈரோடு

பதில்: அம்மா, உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். மனச்சோர்வு உள்ள பெண் பிரியமான பொருளைக் கொடுத்துவிட்டு இப்படிச் சொன்னால், தங்கைமேல் பாசம் என்று விட்டுவிடக் கூடாது. தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் இப்படிச் செய்வதுண்டு. இன்றே விடுதிக்குக் கிளம்புங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 'ஆமாம்' என்றால் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 'இல்லை' என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். நடுராத்திரியானாலும் 14416-இல் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். வீட்டில் உள்ள மாத்திரை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டி வையுங்கள்.

கதிர்வீச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. தூங்காத கண் எரியும், தலை வலிக்கும். முடி உதிர்வுக்காக, ரத்தமும் தைராய்டும் பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம்.

மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. மனச்சோர்வு மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். அவளைப் பரிசோதிக்காத ஒன்று எந்த தைரியத்தில் அதை நிறுத்தச் சொல்கிறது? நீங்களும் பழைய அட்டையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

அவள் ஏஐயிடம் ஒட்டிக்கொண்டது பைத்தியக்காரத்தனம் இல்லை. 1966-இல் அமெரிக்காவில் வைசன்பாம் என்பவர் 'எலைசா' என்ற கணினி நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவருடைய செயலாளரே அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். டார்ட்மத் பல்கலைக்கழகத்தார் 'தெராபாட்' என்ற ஏஐயை 210 பேரிடம் சோதித்து 2025-இல் முடிவு வெளியிட்டார்கள். மனச்சோர்வு அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன. ஆனால் அது சிகிச்சைக்கென்றே உருவாக்கப்பட்டது. உரையாடல்களை ஆட்கள் கண்காணித்தார்கள். உங்கள் மகளின் ராத்திரிப் பேச்சை யார் பார்க்கிறார்கள்?

ஒரு மே மாத மத்தியானம், முழுக்கைச் சட்டை போட்டு ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து, 'நல்லாயிருக்கேன் டாக்டர்' என்றாள். அந்த வெயிலில் முழுக்கை எதற்கு? 'கையைக் காட்டும்மா' என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு மெதுவாக மடித்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கீறல்கள். ஏஐயிடம் அந்தப் பெண் பேசியிருந்தால், 'நல்லாயிருக்கேன்' என்ற ஒரு சொல்தான் அதற்குக் கிடைத்திருக்கும்.

போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவாள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள், தேடிக்கொண்டு தாமதிக்க வேண்டாம்.