வாசகர் கேள்வி – பதில்: எந்தக் கட்டத்தில் புள்ளடி?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இனம், அடையாளம், யார் யாரை என்னவென்று கூப்பிடுவது என்ற ஒரே சங்கதியைச் சுற்றியே இருந்தன. பசளை விலை பற்றிக் கேட்ட விவசாயிகள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கமலா ஹாரிஸை 2024 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் எங்கள் முகநூல் முழுக்கத் 'தமிழ்ப் பெண்' என்று கொண்டாடினார்கள். ட்ரம்ப்போ அவர் இந்தியரா கறுப்பரா என்று கேட்டார். உண்மையில் அவர் யார்? — வாசகர், மல்லாவி

தாய் சியாமளா கோபாலன் தமிழ்நாட்டுக் குடும்பம், கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போய் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர் ஆனவர். தகப்பன் டொனால்ட் ஹாரிஸ் ஜமேக்காவிலிருந்து போன பொருளியல் பேராசிரியர். இதில் ஒளிப்பு மறைப்பு ஒன்றும் இல்லை, அவரே எத்தனையோ தடவை சொன்ன கதை. கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் (ஹார்வார்ட் இல்லை, அது வேறு) படித்து 1986 இல் பட்டம் வாங்கியவர். அப்படியிருக்க, 2024 ஜூலை 31 அன்று சிக்காகோவில், அதுவும் கறுப்பினப் பத்திரிகையாளர்களின் மேடையிலேயே, இவர் இவ்வளவு காலமும் இந்தியராகத்தானே இருந்தார், திடீரென்று எப்போது கறுப்பரானார் என்ற பாணியில் ட்ரம்ப் கேட்டார். அவருக்குப் பதில் தெரியாமலா கேட்டார்? கறுப்பின வாக்காளருக்கு 'இவள் உங்கள் ஆள் இல்லை' என்றும், மற்றவர்களுக்கு 'இவள் வேஷக்காரி' என்றும் ஒரே வாயால் சொல்ல அந்தக் கேள்வி போதும்.

நாங்கள் செய்தது என்ன? துளசேந்திரபுரம் கோயிலில் அவர் வெல்லப் பூசை வைத்த படத்தைப் பகிர்ந்தோம், ஜமேக்காவை மறந்தே போனோம். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று ஆபிரிக்கப் பையனைக் கட்டிக்கொண்டு மல்லாவிச் சந்தியில் வந்து இறங்கியிருந்தால் இதே ஆட்கள் என்ன கதைத்திருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அமெரிக்காவில் இந்தக் கட்டங்கள் எவ்வளவு உறுதியானவை என்றும் பாருங்கள். 1920 முதல் 1940 வரை அவர்களுடைய குடிசன மதிப்பீட்டில் 'இந்து' என்பது ஓர் இனம். இந்தியாவிலிருந்து போன சீக்கியரையும் முஸ்லிமையும் அதற்குள்தான் போட்டார்கள். 1923 இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபிச் சீக்கியர், தான் ஆரியர், ஆகவே வெள்ளையர், ஆகவே குடியுரிமை தாருங்கள் என்று வழக்காடி உயர் நீதிமன்றத்தில் தோற்றார். அரைநூற்றாண்டு போய் 1970 கணக்கெடுப்பில் இந்தியரை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980 இல் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது. ஆள் மாறவில்லை, தோல் மாறவில்லை, கட்டம் மட்டும் மாறி மாறி வந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தில் அடையாளமிடலாம் என்ற வசதியே 2000 இல்தான் வந்தது. வந்த பிறகும் ஒபாமா 2010 இல் தன் படிவத்தில் கறுப்பர் என்ற ஒன்றை மட்டுமே தெரிவுசெய்தார், தாய் வெள்ளைக்காரி. அது அவருடைய தீர்மானம். கமலாவுக்கும் அந்த உரிமை இருக்கிறது.

ஆரிய இரத்தம், திராவிட இரத்தம் என்று உண்மையில் உண்டா? — உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

இல்லை, பிள்ளை. அவை மொழிக் குடும்பங்களுக்கு வைத்த பெயர்கள். கால்டுவெல் 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது எழுதியது இலக்கணம், இரத்தப் பரிசோதனை இல்லை. 'ஆரிய' என்ற சொல்லைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவரான மாக்ஸ் முல்லரே, மொழிக்கு வைத்த பெயரை மண்டையோட்டுக்கும் இரத்தத்துக்கும் வைக்காதீர்கள் என்று 1888 இல் எழுதினார். யாரும் கேட்கவில்லை, அதற்குள் பெயர் கைமாறிவிட்டது. சோதனைக்கு எழுதும்போது கவனமாக எழுதுங்கள், சில ஆசிரியர்களே இன்னும் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள்.

அம்மப்பா 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்தவர். அவருடைய பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்', அம்மாவுடையதில் 'இலங்கைத் தமிழர்'. பள்ளிக்கூடத்தில் சண்டை வந்தால் இன்னும் என்னைத் தோட்டக்காட்டான் என்கிறார்கள். கணக்கெடுப்புக்கு வந்தால் நான் எதைச் சொல்வது? — வாசகர், கிளிநொச்சி பாரதிபுரம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். சட்டப்படியான பதில் சுருக்கமானது: கணக்கெடுக்க வருபவர் நீங்கள் சொல்வதை எழுத வேண்டும், அவர் முகத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்டது அதை மட்டுமில்லை என்று தெரிகிறது.

இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எண்ணத் தொடங்கியது 1911 குடிசன மதிப்பீட்டில், வெள்ளைக்காரன் காலத்தில். அன்றைக்கு அது காகிதத்தில் ஒரு நிரல், அவ்வளவுதான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு ஆசனங்களை வென்றது, மற்றப் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. அடுத்த வருடமே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வருகிறது: தகப்பன் இங்கே பிறந்தவர், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று பத்திரம் காட்டு. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்த பாட்டனுக்கு யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்? ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள், 1949 இல் வாக்கும் போனது. 1952 நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. கணக்குப் பார்க்க வசதியாகப் போட்ட நிரல், ஆளை வெளியே தள்ளவும் வசதியாக இருந்தது.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும். ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 இல் அந்த அரசாங்கத்தில் போய் அமைச்சரானார். செல்வநாயகம் அதை ஏற்காமல் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பிறகு 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள், அந்தத் தலைகளில் ஒன்றையும் கேட்காமல். நாடற்ற நிலை சட்டப்படி முற்றாக முடிய 2003 வரை போனது. இன்னொன்றும் கவனியுங்கள்: 1971 வரை கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர் என்று இரண்டாக எண்ணிய அரசாங்கம் 1981 இல் அவர்களை ஒரே கணக்கில் சேர்த்துவிட்டது. தமிழருடைய இரண்டு நிரலும் அப்படியே இருந்தன.

1958, 1977, 1983 என்று அடி விழ விழ வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்கள் காடு வெட்டின, மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றன, போரில் மற்ற எல்லாரையும்விடக் குறைவாக இழக்கவில்லை. அப்படி வந்தவர்களில் கனபேர் பதிவுகளில் 'இலங்கைத் தமிழர்' ஆகிவிட்டார்கள். பிள்ளைக்கு நிம்மதி, காணிப் பெமிட் கேட்கப் போனால் ஒரு கேள்வி குறைவு என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1971 இல் 11 லட்சத்து 74 ஆயிரமாக இருந்த 'இந்தியத் தமிழர்' தொகை 1981 இல் 8 லட்சத்து 18 ஆயிரமாக விழுந்தது. பெரும்பகுதி கப்பலேறிப் போனதால், ஒரு பகுதி இப்படிப் பெயர் மாறியதால். பெயர் மாறியும் பள்ளிக்கூடச் சண்டையில் அந்தச் சொல் வருகிறதென்றால் கிராமத்துக்கு வேறொரு பதிவேடு இருக்கிறது, அதை எந்தத் திணைக்களமும் வைத்திருக்கவில்லை, நாங்கள்தான் வைத்திருக்கிறோம். திருமணப் பேச்சு வரும்போதும், கோயில் திருவிழாவில் உபயம் பிரிக்கும்போதும் அதைத் திறந்து பார்க்கிறோம். 'தமிழனை வந்தேறி என்கிறார்கள்' என்று மேடையில் கொதிக்கிறவர் வீட்டுக்குப் போய் மலையக வேலையாளை 'வடக்கத்தியான்' (இந்தியாவிலிருந்து வந்தவன் என்ற ஏளனம்) என்று கூப்பிடுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலையகத் தமிழர், அதாவது பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்', என்று சொன்னால் அந்தத் தொகை ஒரு தலையால் கூடும், அதை வைத்து உரிமை கேட்கிறவர்களுக்கு அது உதவி. இலங்கைத் தமிழர் என்று சொன்னால் பொய் இல்லை, நீங்கள் கிளிநொச்சியில் பிறந்தவர். அம்மாவிடமும் கேளுங்கள், ஏன் மாற்றினார்கள் என்ற கதை அவரிடம் இருக்கும். பயத்தால் மட்டும் ஒன்றைச் சொல்லாதீர்கள், அதுதான் என் அபிப்பிராயம்.

தேர்தல் வந்தால் 'தமிழ் பேசும் மக்கள்' என்று எங்களையும் சேர்த்துச் சொல்கிறார்கள், முடிந்ததும் 'முஸ்லிம்கள்' ஆகிவிடுகிறோம். ஏன்? — வாசகர், நீராவிப்பிட்டி

ஏனென்றால் உங்கள் வாக்கு வேண்டும். இது பழைய வியாதி. 1833 இல் வெள்ளைக்காரன் சட்டநிரூபண சபையை (அன்றைய சட்டமன்றத்தை) தொடங்கியபோதே ஐரோப்பியருக்கு இத்தனை, சிங்களவருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று, பறங்கியருக்கு ஒன்று என்று இனவாரியாகத்தான் கதிரை போட்டார்கள். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் (இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையினர்) இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். கேட்க அன்பாகத்தான் இருக்கும், ஆனால் சோனகருக்குத் தனிக் கதிரை கொடுக்கலாமா என்ற பேச்சு நடந்த நேரம் அது. மறுவருடம் கதிரை கிடைத்தது. 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அந்தக் கட்டுரைக்கு நீண்ட மறுப்பு எழுதினார்.

பிறகு 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைச் சில மணித்தியால, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றியபோது யாரும் 'நீயும் தமிழ் பேசுகிறாய்தானே' என்று கேட்கவில்லை. அதுவரை ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் அன்றைக்கு முஸ்லிம்கள் மட்டுமே. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் புத்தளம் பக்கம், அங்கே கிடைத்த பெயர் 'அகதி'. 2019 நவம்பர் 16 அன்று ஜனாதிபதித் தேர்தலில் வாக்குப் போடப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் பஸ்களில் வந்தவர்கள் மீது தந்திரிமலைப் பக்கம் கல்லெறிந்து சுட்டார்களே, அவர்கள் இந்த அகதிகளில் ஒரு பகுதிதான். உங்களைச் சேர்த்துப் பேசுகிற வேட்பாளரிடம் நீராவிப்பிட்டிக் காணிப் பிரச்சினைக்கு என்ன செய்வாய் என்று கேளுங்கள். பதில் வருகிற வேகத்தில் தெரிந்துவிடும்.

இனி இனம் பார்க்க வேண்டாம், எல்லாரும் இலங்கையர் என்கிறார்கள். நல்லதுதானே? — வாசகர், செட்டிகுளம்

செட்டிகுளத்திலிருந்து இந்தக் கேள்வி வருவது விசேஷம். 2009 மே 19 அன்று மகிந்த ராஜபக்ச நாடாளுமன்றத்தில், இனிச் சிறுபான்மை என்று ஒன்று இல்லை, நாட்டை நேசிக்கிறவர்கள், நேசிக்காதவர்கள் என்று இரண்டே வகை மக்கள்தான் என்றார். அவர் அதைச் சொன்ன நாட்களில் உங்கள் ஊரின் மெனிக் பாம் அகதி முகாமின் முள்ளுக்கம்பிக்குள், போரிலிருந்து தப்பி வந்த இலட்சக்கணக்கான சனம் இருந்தது. உள்ளே இருந்தவர்களில் சிங்களவர் எத்தனை பேர் என்று யாரும் கேட்கத் தேவை இருக்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன், 2007 ஜூன் 7 விடியற்காலை, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர்களை இறக்கிய இடங்களில் வவுனியாவும் ஒன்று. மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அடையாள அட்டையில் இனம் என்று ஒரு வரி கிடையாது, ஆனாலும் சென்ரியில் (காவலரணில்) நிற்கும் சிப்பாய்க்கு ஒரு நொடி போதும். அப்போது தெற்கில் அட்டை சிங்களத்தில் மட்டும், வடகிழக்கில் கொடுத்ததில் தமிழும் இருக்கும். அட்டையைத் திருப்புவார், தமிழ் எழுத்துத் தெரியும், பஸ்ஸிலிருந்து இறங்கச் சொல்வார். நாடு முழுக்க இரண்டு மொழியிலும் அட்டை வந்தது 2014 இல்தான்.

'இலங்கையர்' என்ற பெயரில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, வெளிநாட்டில் கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி 'இதில் கையெழுத்து வை' என்று நீட்டாத நாளில் இங்கேயும் சொல்வேன். பிரான்ஸில் கணக்கெடுப்பில் இனமே கேட்பதில்லை, வேலைக்கு விண்ணப்பிக்கிற அரபுப் பெயர்க்காரரைக் கேட்டுப் பாருங்கள், அதனால் எவ்வளவு மாறியது என்று.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் வன்னியில் அநுரகுமாரவின் தேசிய மக்கள் சக்திதான் மற்றக் கட்சிகளைவிடக் கூட வாக்கு எடுத்ததே, இன அரசியல் முடிந்ததா? — வாசகர், வவுனியா

முடியவில்லை, களைத்துப் போயிருக்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் அவர்களுக்கு இரண்டு, மிச்சம் நான்கும் நான்கு கட்சிகளுக்குப் போயின. சிதறியதற்குள் முந்திக்கொண்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் என்று நின்ற அரியநேத்திரன் நாடு முழுக்க எடுத்தது 2,26,343 வாக்கு. தமிழன் தமிழனுக்குப் போட வேண்டும் என்ற பேச்சுக்கு முன்புபோல் மவுசு இல்லை. வேலையும் நெல்லு விலையும் கேட்கிறார்கள். இராணுவம் பிடித்த காணி பற்றியும் அதே வாயால் கேட்கிறார்கள், அது எந்தக் கணக்கில் சேரும்? (கிளிநொச்சி வாசகர்கள் கோபிக்க வேண்டாம், உங்களை மறக்கவில்லை. மண் வன்னி என்றாலும் வாக்கு யாழ்ப்பாண மாவட்டக் கணக்கில்.)

நான் தமிழ், கணவர் சிங்களவர். மகளுக்கு என்ன இனம் போடுவது? — வாசகி, வவுனியா

அக்கா, கணக்கெடுப்புப் படிவத்தில் ஒன்றைத்தான் சொல்ல முடியும், இருவரும் பேசி ஒன்றைச் சொல்லுங்கள், பிறகு மகள் வளர்ந்து மாற்றிச் சொன்னால் சொல்லட்டும். அதைவிடப் பெரிய தீர்மானம் முதலாம் வகுப்பில் வரும்: தமிழ் மூலமா, சிங்கள மூலமா. பிள்ளையின் கூட்டாளிகள், பார்க்கிற செய்தி, எழுதுகிற பரீட்சை, நாளைக்கு ஊரில் யார் அவளைத் தங்கள் ஆள் என்பார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வாசலில் தீரும். எதில் சேர்த்தாலும் மற்ற மொழியை எழுத வாசிக்கவும் வீட்டில் பழக்குங்கள், பேச மட்டும் தெரிந்தால் போதாது, கந்தோர்க் கடிதம் வாசிக்கத் தெரிய வேண்டும். மாமியார்கள் இருவரும் என்ன சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதையும் எழுதி அனுப்புங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.