நாட்டுப்புறப் பாடகர்கள் சொந்தமாகப் பாட்டு எழுதுவார்களா? அதை வைத்துப் பிழைக்க முடியுமா?

எழுதாமல்? வானத்திலிருந்தா விழுகிறது? கோபித்துக்கொள்ளாதீர்கள், மேடைக்கு மேடை இதைக் கேட்டுக் காது புளித்துப்போனவன் நான். மதுரைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் பாடுகிறேன். தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி எல்லாம் உண்டு. ஆனால் நிகழ்ச்சியில் பாதி நானே கட்டிய பாட்டுகள்.

நீங்கள் அநேகமாக மாதச் சம்பள வேலையில் இருப்பவர். நாலு பாட்டு எழுதி நண்பர்களிடம் கைதட்டு வாங்கியிருப்பீர்கள். வேலையை விடலாமா என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் ஊருக்கு மினி பஸ் வந்த புதிதில் ஒரு பாட்டுக் கட்டினேன். சந்தைக்குப் போகிற பெண்ணும் கண்டக்டரும் எதிர்ப்பாட்டாகப் பாடுவது. தமிழ்நாட்டில் மினி பஸ் திட்டமே 1997ல்தான் வந்தது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு நன்றாக எடுபட்டது. ஒரு கேசட் கம்பெனி பதிவு செய்து, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, அட்டையில் 'பாடல்: கிராமியம்' என்று போட்டது. கேட்டதற்கு, "பேர் போட்டா நாட்டுப்புறம் மாதிரி இருக்காதுண்ணே" என்றார்கள்.

பல வருடம் கழித்து ஒரு கல்லூரிப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒரு மாணவி அதே பாட்டை அருமையாகப் பாடினாள். தொகுத்து வழங்கியவர் மைக்கைப் பிடித்து, "பல நூறு ஆண்டுகளாக நம் முன்னோர் வாய்வழியாகக் காத்துவந்த பாடல்" என்றார். பாட்டுக்குள் மினி பஸ் கண்டக்டர் விசில் அடிக்கிறார் ஐயா! அரங்கத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தேன், அவள் மேல் என்ன குறை.

"நாட்டுப்புறம் என்றாலே பொதுச்சொத்து, இவன் என்ன உரிமை கொண்டாடுகிறான்" என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தாலாட்டும் நடவுப் பாட்டும் பொதுதான், நான் மறுக்கவில்லை. என் மெட்டிலும் பழைய தெம்மாங்கின் சாயல் இருக்கும். ஆனால் வரி என்னுடையது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரின் ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 வருடத்துக்கும் உரிமை உண்டு. பதிவு கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் கைகொடுக்கும். படத்தில் பாட்டு வந்தால், தியேட்டர் வசூல் தவிர்த்த மற்ற வருமானத்தில் பாடலாசிரியருக்குப் பங்கு உண்டு என்று 2012ல் திருத்தமும் கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் நோட்டில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.

பெயர் தெரிவதற்கும் எங்களுக்கு சினிமாதான் வரவேண்டியிருக்கிறது. கொல்லங்குடி கருப்பாயி அம்மா வானொலியில் பாடியவர். 1985ல் 'ஆண்பாவம்' வந்த பிறகுதான் ஊரெல்லாம் தெரிந்தது. 1993ல் கலைமாமணி கொடுத்தார்கள். பரவை முனியம்மாவுக்கு 2003ல் 'தூள்'. அதற்கு முன் அவர் தொண்டை கிழியப் பாடிய திருவிழா மேடைகளை யார் கணக்கு வைத்தார்கள்?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: இந்த சவுண்ட் செட்டுக்காரர்கள்! எக்கோவைத் திருகிவிட்டால் ஒரு வரி முடியும் முன் அடுத்த வரி அதன் மேல் ஏறிக்கொள்கிறது. ஒரு சொல் விளங்காது. "குறைங்க தம்பி" என்றால், "அப்பதாண்ணே கெத்தா இருக்கும்" என்கிறார்கள். ராத்திரி முழுக்க யோசித்து எழுதிய வரி கிணற்றுக்குள் விழுந்த மாதிரி போய்விடுகிறது.

சரி, பிழைப்பு. பங்குனியிலிருந்து ஆடி வரைதான் நமக்கு சீசன். மார்கழி சபாக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நமக்கு ஓய்வு. 2020ல் கொரோனா சரியாகப் பங்குனியில் வந்து நின்றது, அந்த வருட வருமானம் மொத்தமும் போச்சு. என் வீடு ஓடியது மனைவியின் தையல் மிஷினால். அதனால் வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். சனி, ஞாயிறில் ஏதாவது ஒரு குழுவோடு சேர்ந்து பாடிப் பாருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேர்ந்துகொள்ளுங்கள். அட்வான்ஸ் கைக்கு வராமல் வேனில் மட்டும் ஏறாதீர்கள்.