வாழ்த்து அட்டைக்குப் பொருள் வாங்கும்போது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கையால் வாழ்த்து அட்டை, காகிதக் கலைப்பொருள் செய்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பாதிப் பேர் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் வாங்கிவிட்டு முழிக்கிறார்கள்.

கேள்வி: ஆன்லைனில் ‘300 ஜி.எஸ்.எம். வெள்ளை அட்டை, ஏ4, 50 தாள்’ என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். வந்த அட்டை மெல்லிசாக இருக்கிறது, மடித்து நிறுத்தினால் வளைகிறது. விற்றவர் ‘300தான்’ என்று சாதிக்கிறார். எப்படி நிரூபிப்பது? (வாசகி, தஞ்சாவூர்)

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் போதும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் எடை என்பதுதான். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு; ஏ வரிசை அளவுகளை அப்படித்தான் வகுத்திருக்கிறார்கள். ஆகவே 16 தாளை எண்ணித் தராசில் வையுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே ஜி.எஸ்.எம். உங்கள் கட்டில் உள்ள 50 தாளும் உறை இல்லாமல் சுமார் 935 கிராம் இருக்க வேண்டும். 690 பக்கம் நின்றால் உங்களுக்கு அனுப்பியது 220 ஜி.எஸ்.எம்.

எடை போடுவதற்கு முன் ஸ்கேல் வைத்துத் தாள் 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். வெட்டு குறைந்தால் எடையும் குறையும், அப்போது புகார் வேறு மாதிரி எழுத வேண்டும். ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் சண்டை வேண்டாம். தயாரிப்பிலும் ஈரப்பதத்திலும் அவ்வளவு வித்தியாசம் வரும்.

எடை சரியாக இருந்தும் தாள் மெல்லிசாகத் தெரிவதும் உண்டு. பளபளப்பான ஆர்ட் கார்டு பூச்சு பூசி அழுத்தப்பட்டது என்பதால், அதே 300 ஜி.எஸ்.எம்.மில் பூச்சில்லாத அட்டையைவிடத் தடிமன் குறைவாக இருக்கும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, ரகம்தான் வேறு. நிற்கிற அட்டைக்கு விறைப்பு வேண்டும் என்றால் ஐவரி போர்டு என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, எடை குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். தராசின் மேல் தாளோடு ஒரு படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஏனென்றால் புகார் போனபின் அந்த 300 வேறு எண்ணாக மாறிவிடலாம். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போக நினைத்தால் தஞ்சாவூரிலேயே, உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஒரு கட்டு அட்டைக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் கோபத்தைப் பொறுத்தது.

கேள்வி: எந்தப் பசை போட்டாலும் தாள் அலை அலையாகச் சுருங்குகிறது. விலை உயர்ந்த வெளிநாட்டுப் பசைதான் வாங்க வேண்டுமா? (வாசகர், திருநெல்வேலி)

வேண்டாம். தண்ணீர் இருக்கும் எந்தப் பசையும் காகிதத்தை நனைக்கும், நனைந்த நார் உப்பும், காய்ந்ததும் தாள் கோணும். வெளிநாட்டுப் பசையிலும் அதே தண்ணீர்தான்.

ஒரே பசையால் எல்லாவற்றையும் ஒட்டப் பார்ப்பதுதான் பிரச்சினை. அட்டையின் மேல் இன்னொரு பெரிய தாளைப் படிய ஒட்ட டபுள் சைடு டேப் சிறந்தது. மெல்லிய தாள், சின்னத் துண்டுகளுக்கு ஃபெவிஸ்டிக் மாதிரி குச்சிப் பசை. பட்டன், துணி, மரத்துண்டு போன்ற கனமானவற்றுக்கு ஃபெவிகால் எம்.ஆர். போன்ற வெள்ளைப் பசை, அதுவும் புள்ளி புள்ளியாக. தச்சர்கள் வாங்கும் ஃபெவிகால் எஸ்.எச். டப்பா கிலோ கணக்கில் மலிவாகத் தெரியும், ஆனால் அது மரத்துக்கானது, கெட்டி. காகிதத்தின் மேல் மெல்லிசாக இழுப்பதற்குள் தாள் கிழிந்துவிடும். பூவோ பட்டாம்பூச்சியோ மேலெழுந்து நிற்க வேண்டுமென்றால் ஃபோம் டேப்.

இரண்டை மட்டும் வாங்காதீர்கள். நொடியில் ஒட்டும் சூப்பர் க்ளூ காகிதத்தில் ஊறிக் கறையாகும், சுற்றிலும் வெண்படலம் படியும். சாதாரண செல்லோடேப் சில வருடத்தில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். பழைய ஆல்பங்களில் படம் போய் டேப்பின் தடம் மட்டும் மிஞ்சியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளைப் பசை போட்டே தீர வேண்டும் என்றால், ஒட்டியதை இரண்டு தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பாதிக் கோணல் போய்விடும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகள் கணினியோடு இணைக்கும் வெட்டும் இயந்திரம் கேட்கிறாள். பெரிய தொகை. வாங்கலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

அவள் மாதம் எத்தனை அட்டை செய்கிறாள் என்று முதலில் கேளுங்கள். பிறந்தநாளுக்கு ஒன்று, பொங்கலுக்கு நான்கு என்றால் வேண்டாம். ஒரே வடிவத்தை ஐம்பது நூறு என்று வெட்ட வேண்டிய ஆர்டர் கையில் இருந்தால் யோசிக்கலாம்.

இயந்திரத்தின் விலையோடு செலவு நிற்காது. தாளைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டும் பாய் நாளாக நாளாகப் பிடிப்பு இழக்கும், பிளேடு மழுங்கும், இரண்டையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவை இங்கே சுலபமாகக் கிடைக்கின்றனவா, பழுது பார்ப்பவர் இந்தியாவில் இருக்கிறாரா, வாரண்டி தருவது இறக்குமதியாளரா அல்லது வெறும் விற்பனையாளரா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். இறக்குமதிப் பொட்டலத்தின் மேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்க வேண்டும். அது இல்லை என்றால் பழுதானதும் நீங்கள் தனி ஆள்தான்.

இன்னொரு விஷயம் மென்பொருள். இந்த வகை இயந்திரங்கள் நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் நகராது. 2021 மார்ச்சில், இந்த வகை இயந்திரங்களை விற்கும் கிரிகட் நிறுவனம், சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 வடிவங்களை மட்டுமே பதிவேற்றலாம் என்று அறிவித்தது. ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். சில நாட்களிலேயே நிறுவனம் பின்வாங்கிவிட்டது. அந்த முறை வாங்கியவர்கள் ஜெயித்தார்கள். ஆனாலும் வீட்டுக்குள் வந்த இயந்திரத்தின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது என்பது அதில் தெரிந்தது.

கையால் சுழற்றும் டை கட்டிங் இயந்திரத்துக்கு மென்பொருள் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி டை, அதாவது அந்த வடிவத்தை வெட்டும் அச்சு, வாங்க வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் டைகளின் விலை இயந்திரத்தைத் தாண்டிவிடும்.

நான் சொல்வது: இப்போதைக்கு நல்ல கட்டர், ஸ்டீல் ஸ்கேல், வெட்டும் பாய், இரண்டு பஞ்ச். மடிப்புக் கோடு போட மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும், அதற்கென்று விற்கும் கருவி வேண்டாம். மிச்சப் பணத்துக்கு நல்ல காகிதம் வாங்கட்டும்.

கேள்வி: கைக்காகிதம் என்று சொல்லி விற்பது நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சென்னையில் எங்கே வாங்கலாம்? (வாசகர், தாம்பரம்)

கையால் எடுத்த தாளில் நான்கு ஓரமும் பிசிறாக இருக்கும். ஆனால் ஓரத்தை நனைத்துக் கிழித்தும் பிசிறு வரவழைக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள். ஓர் ஓரத் துண்டை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் கிழித்துப் பாருங்கள். இயந்திரக் காகிதத்தில் நார்கள் ஒரே திசையில் ஓடும். ஒரு பக்கம் நேராகக் கிழியும், இன்னொரு பக்கம் கோணலாகப் போகும். கைக்காகிதத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கிழியும்.

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவு பருத்திக் கழிவிலிருந்து செய்கிறது. ஜெய்ப்பூர் பக்கத்து சாங்கானேர் இதற்குப் பேர்போன ஊர். சென்னை என்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் காகிதக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. பெரிய ஷீட்டாக வாங்கி வெட்டித் தரச் சொல்லுங்கள், கலைப்பொருள் கடையில் பிளாஸ்டிக் உறையில் வரும் பத்துத் தாள் கட்டைவிடச் சிக்கனம். இயந்திர அட்டை வாங்கினால், வெட்டும் முன் எந்தப் பக்கம் மடிக்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நார் ஓடும் திசையிலேயே மடிப்பு விழ வேண்டும். குறுக்கே மடித்தால் தடித்த அட்டை மடிப்பில் வெடித்து உள் நார் வெளியே தெரியும்.

கைக்காகிதத்தையே முழு அட்டையாக மடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மை ஊறிப் பரவும், விறைப்பும் சீராக இராது. ஐவரி போர்டின் மேல் ஒரு அடுக்காக ஒட்டினால் அழகும் இருக்கும், ஒரு தாள் நாலு அட்டைக்கு வரும்.

கேள்வி: மிக்ஸ்டு மீடியா (பல வகைப் பொருள்களைக் கலந்து செய்யும்) வேலைக்கு ஜெஸ்ஸோ, டெக்ஸ்சர் பேஸ்ட் இரண்டும் கட்டாயமா? குட்டி டப்பாவே கொள்ளை விலை. (வாசகி, மதுரை)

ஜெஸ்ஸோ என்பது அக்ரிலிக் பிசினில் வெள்ளை நிறமியும் சுண்ணத்தூளும் கலந்த அடிப்பூச்சு. விற்பனைக்கு ஓவியம் வரைபவர் அதையே வாங்கட்டும். அட்டைக்கும் ஆல்பத்துக்கும் வெள்ளை அக்ரிலிக் கலரையே ஒரு கை பூசி வேலையைத் தொடங்கலாம்.

மேடாக வடிவம் எழுப்பும் டெக்ஸ்சர் பேஸ்ட்டை வீட்டிலேயே கலக்கலாம்: டால்கம் பவுடர், வெள்ளைப் பசை, கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக். தோசை மாவைவிடக் கெட்டியாக வர வேண்டும். ஸ்டென்சில் வைத்து மெல்லிசாக இழுங்கள், தடிமனாகப் போட்டால் வெடிக்கும். பெயிண்ட் கடையில் தயார்நிலையில் கிடைக்கும் அக்ரிலிக் சுவர் புட்டியும் உதவும். தண்ணீர் கலக்கும் வெள்ளை சிமென்ட் புட்டி மட்டும் வேண்டாம். அது காரத்தன்மை உள்ளது, காகிதம் வளையும்போது பொருக்காக உதிரும்.

இவ்வளவு ஈரத்தை 75 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாள் தாங்காது. அடித்தாள் 300க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு பக்கம் பூசியதும் சுருண்டால் பின்பக்கமும் ஒரு கை பூசுங்கள், நேராகிவிடும்.

கேள்வி: கடையில் வாங்கிய இங்க் பேட் திறக்கும்போதே காய்ந்திருந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் காட்டுகிறார்கள். (வாசகர், சேலம்)

நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பினால் பலகை செல்லும். குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராததும் அதே கணக்கில் வரும். அடுத்த முறை கடையிலேயே திறந்து ஒரு அச்சுக் குத்திப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: அட்டை செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். பழுதான ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) மாற்றித் தரக் கேட்டால், ‘நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை’ என்கிறார் கடைக்காரர். (வாசகி, ஈரோடு)

வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று சட்டத்தில் இருப்பது உண்மைதான். கடைக்காரர் அதோடு படிப்பதை நிறுத்திவிட்டார். சுயதொழிலாக, பிழைப்புக்காகத் தாமே பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நீங்களே அந்த ஹீட் கன்னைப் பிடித்து எம்பாசிங் பவுடரை உருக்கி அட்டை செய்து விற்கிறீர்கள் என்றால் நீங்கள் நுகர்வோர். பத்து ஹீட் கன் வாங்கி மறுவிற்பனை செய்தால் கதை வேறு.

அப்புறம், உங்களிடம் வாங்குபவருக்கும் இதே சட்டம் உண்டு. படத்தில் காட்டிய அட்டையும் கொடுக்கிற அட்டையும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: நான் தபாலில் அனுப்பிய அட்டைக்குத் தோழியிடம் கூடுதல் தபால் கட்டணம் வசூலித்தார்கள். பட்டன் வேறு உறையைக் கிழித்திருந்தது. (வாசகி, நாகர்கோவில்)

கடிதக் கட்டணம் 20 கிராம் படிகளில் ஏறுகிறது. 300 ஜி.எஸ்.எம். ஏ4 தாளை இரண்டாக மடித்த அட்டை, உறை இல்லாமலே 18.7 கிராம். உறை போட்டதும் 20ஐத் தாண்டிவிடும். அதில் பாதி அளவு, அதாவது ஏ5ஐ மடித்த அட்டை 9 கிராம் சொச்சம். உறைக்கு நாலைந்து கிராம் போனாலும் இரண்டு அடுக்குக் காகிதம் ஒட்ட இடம் இருக்கிறது. அனுப்புவதற்கென்றே செய்யும் அட்டைக்கு இந்தச் சின்ன அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன், மணி எல்லாம் உறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் முத்திரை குத்தும்போது உடையும், கிழிக்கும். அவற்றின் மேல் அட்டை அளவுக்கே ஒரு வெற்று அட்டையை வைத்து உறையில் போடுங்கள். தபால் பெட்டியில் போடாமல் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, கையால் முத்திரை குத்தச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.